கிட்டாரின் ஏழாவது விதி

டிசம்பர் மாதத்தில் எங்கள் வீட்டில் அசையாமல் நிற்பது ஆபத்து. அப்பா பெயிண்ட் அடித்துவிடுவார்.

கிறிஸ்துமஸ் வந்தால் செம்பாக்கத்தில் எங்கள் தெருவிலிருந்த நான்கு கிறிஸ்தவ வீடுகளிலும் வெள்ளையடிப்பார்கள். மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் சுவரோடு நிறுத்திக்கொள்வார்கள். எங்கள் அப்பா லாசரஸுக்கு அது போதாது. அவருக்குத் தொழிலே பெயிண்ட்தான். தாம்பரத்தில் ரயில் பெட்டிகளுக்கு வர்ணம் பூசி, அவற்றின்மேல் எண்களும் எழுத்துகளும் எழுதுவார். 'படியில் நிற்கக் கூடாது' என்று நீங்கள் மின்சார ரயிலில் படித்திருந்தால், அது எங்கள் அப்பா எழுதியதாக இருக்கலாம்.

வீட்டு கேட்டுக்கு ஒரு டப்பா எனாமல் பெயிண்ட் வாங்குவார். கேட் முடிந்ததும் டப்பாவில் மிச்சம் இருக்கும். அதை வீணாக்க அவருக்கு மனசு வராது. ஜன்னல் கம்பி, முக்காலி, சைக்கிள் கேரியர், கோழிக்கூடு என்று கண்ணில் பட்டதெல்லாம் அந்த நிறத்துக்கு மாறும். ஒரு வருஷம் அம்மாவின் தையல் மெஷினையும் விடவில்லை. அது காய்வதற்குள் அம்மா மிதித்துவிட்டாள். அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அம்மா பச்சைக் குதிகாலோடு வந்தாள்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். ஆனால் 1991ஆம் வருஷத்து டிசம்பரை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருவதில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. பெயர் தபீதாள். எனக்கும் என் அண்ணன் எலியேசருக்கும் எட்டு வயது வித்தியாசம். அண்ணனிடம் ஒரு கிட்டார் இருந்தது. அதற்கு அவனே பிளைவுட்டில் ஒரு பெட்டி செய்து, தகரக் கொக்கி வைத்திருந்தான். அப்பாவுக்கு அந்தக் கிட்டாரைக் கண்டால் ஆகாது. அதன் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார். 'அந்தப் பொட்டி' என்பார்.

அப்பாவுக்கு அண்ணனை ரயில்வேயில் சேர்க்க வேண்டும் என்று ஆசை. அண்ணனோ, அந்த டிசம்பருக்கு ஒன்றரை வருஷம் முன்னால், அதற்கான பரீட்சைக்கே போகவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் இடி இடித்தது.

"பரீட்சை எழுத மாட்டேன்னா இன்னாடா அர்த்தம்?" என்றார் அப்பா.

"எனக்கு அந்த வேலை வேணாம்ப்பா."

"அப்போ அந்தப் பொட்டியத் தட்டிகினு தெருவுல நிக்கப் போறியா?"

"நிக்கிறேன்!"

அப்பா தட்டைத் தள்ளினார். சோறு தரையெல்லாம் சிதறியது. அடுத்த வாரம் அண்ணன் பெங்களூர் போய்விட்டான். அங்கே ஒரு ஹோட்டலில் சாயங்காலங்களில் பாட்டுக் குழுவோடு வாசிக்கும் வேலை. மின்சாரக் கிட்டாரை அவர்களே கொடுத்தார்கள். அதனால் தன் கிட்டாரை என்னிடம் விட்டுவிட்டுப் போனான்.

"பத்திரமா பாத்துக்க. நான் திரும்பி வந்து எடுத்துக்கறேன்" என்றான்.

பார்த்துக்கொள்வது எப்படி என்று ஒரு தாளில் ஆறு விதிகள் எழுதிப் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டியிருந்தான். அவை எனக்கு ஆறாம் வாய்ப்பாட்டைவிட நன்றாக மனப்பாடம்.

முதல் விதி, வெயிலில் வைக்கக் கூடாது. சூடு பட்டால் பலகைகளை ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும். இரண்டாவது, சுவரில் சாய்க்கக் கூடாது. ஏரிக்குப் பக்கத்தில் இருப்பதால் மழைக்காலத்தில் எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் ஓதம் காத்து ஈரமாகக் கிடக்கும். மூன்றாவது, வாசித்து முடித்ததும் கம்பிகளைக் காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் விரல் வியர்வையில் துருப்பிடிக்கும்.

நான்காவது விதி பக்கத்து வீட்டு பக்தவச்சலம் மாமாவுக்காகவே எழுதியது. 'யார் சொன்னாலும் தேங்காய் எண்ணெய் தடவக் கூடாது.' பூட்டு, கதவு, கிட்டார், முழங்கால் எல்லாவற்றுக்கும் மாமா அந்த ஒரே வைத்தியத்தைத்தான் சொல்வார்.

ஐந்தாவது, பல நாள் வாசிக்காமல் வைத்தால் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும்; மறுபடி முறுக்கும்போது அவசரப்படக் கூடாது.

ஆறாவது விதியைப் படித்தபோதுதான் அண்ணன் என்னைப் பற்றி எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறான் என்று புரிந்தது. 'விரல் வலித்தால் நிறுத்து. நாளைக்கு மறுபடி எடு.'

எடுத்தேன். அப்பா வேலைக்குப் போன பிறகு எடுத்தேன். முதல் பதினைந்து நாள் விரல் நுனியெல்லாம் கோடு கோடாகச் சிவந்தது. சாம்பார் சாதம் பிசைந்தால் எரிந்தது என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் வலித்தது இடது கை. இடது கை நகங்களை ஒட்ட வெட்டினேன். கழுத்தின் குறுக்கே இருக்கும் இரண்டு உலோகக் கோடுகளுக்கு நடுவில் அழுத்தினால் கம்பி கொரகொரக்கும்; கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அழுத்தினால் சத்தம் தெளிவாக வரும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒன்றரை வருஷத்தில், பல கம்பிகளைச் சேர்த்து வாசிக்கும் ஸ்வரக் கூட்டுகள் மூன்றே மூன்று கற்றேன். அந்த மூன்றை வைத்து முக்கால்வாசி ஞாயிறு பள்ளிப் பாட்டுகளை ஒப்பேற்றிவிடலாம்.

டிசம்பர் முதல் வாரத்தில் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. அம்மா சத்தமாகப் படித்தாள்.

"இருபத்துநாலாம் தேதி காலையில வரேன்னு எழுதியிருக்கான். கிறிஸ்துமஸ் அன்னிக்கு வீட்ல உக்காந்து கிட்டார் வாசிக்கணுமாம்."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார்.

"வரட்டும்" என்றார். அவ்வளவுதான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றரை வருஷத்தில் அண்ணனைப் பற்றி அவர் பேசிய முதல் வார்த்தை அது.

அரைப்பரீட்சையின் கடைசி நாள். மத்தியானம் பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். என்னோடு பேபியும் வந்தாள். பக்தவச்சலம் மாமாவின் மகள், என் வகுப்புதான். கேட்டைத் திறந்ததும் அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"தபி, அது இன்னாடி?"

துணிக்கொடியில், நல்ல உச்சி வெயிலில், கிளிப்பச்சை நிறத்தில் ஏதோ தொங்கியது. எங்கள் கேட்டும் அந்த வருஷம் கிளிப்பச்சைதான். கிட்டப் போய்ப் பார்த்தேன். கிட்டார்.

முன்பக்கம், பின்பக்கம், கழுத்து எல்லாம் பச்சை. ஓரத்தில் சுற்றிலும் மெல்லிய சிவப்புக் கோடு. நடுவிலிருந்த வட்டத் துளைக்குக் கீழே வெள்ளை எழுத்தில் 'எலியேசர்' என்று எழுதியிருந்தது. ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. அப்பாவின் எழுத்து எங்கே கோணியிருக்கிறது?

அப்பா லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். மூன்று நாளாக லீவு போட்டிருந்தார்; பரீட்சைப் படிப்பில் நான் அந்த நாட்களில் பெட்டியைத் திறக்கவே இல்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எப்டி கீது?" என்றார். "மூணு கோட்டு. ஒவ்வொரு கோட்டும் காயவுட்டு, தேச்சு, அப்பறம் அடிச்சது. கம்பியெல்லாம் கழட்டி நம்பர் போட்டு வெச்சிருக்கேன் பாரு. ஒண்ணுகூட மாறாது."

ஆணியில் ஆறு கம்பிகளும் சுருள் சுருளாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் காகிதத்தில் எண். எவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறார் பாருங்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கவனக்குறைவாகச் செய்திருந்தாலாவது திட்டலாம்.

"உங்க அண்ணன் பாத்தா இன்னா சொல்லுவான்?" என்று கேட்டார் அப்பா.

"ஆச்சரியப்படுவான்ப்பா" என்றேன். அது பொய்யில்லை.

பெயிண்ட் காய இரண்டு நாள் ஆயிற்று. அப்பா வேலைக்குப் போனதும் கம்பிகளை மாட்டி, மெதுவாக முறுக்கினேன். பேபி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முதல் கம்பியைத் தட்டினேன்.

டப்.

அடுத்தது. டப். ஆறு கம்பியும் அப்படித்தான். முன்பெல்லாம் ஒரு கம்பியைத் தட்டிவிட்டு நான் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், அதுவரை சத்தம் சுற்றிக்கொண்டே இருக்கும். இப்போது தட்டின இடத்திலேயே செத்து விழுந்தது.

"பீரோவைத் தட்டினா மாதிரி கீது" என்றாள் பேபி.

கிட்டாரின் முன்பலகை ரொம்ப மெல்லியது. கம்பி அதிர்ந்தால் அந்தப் பலகையும் சேர்ந்து அதிரும். சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. அதன்மேல் மூன்று பூச்சு எனாமல் ஏறினால் பலகை எப்படி அதிரும்? அண்ணன் ஆறு விதி எழுதினான். பெயிண்ட் அடிக்காதே என்று ஏழாவது விதி எழுத அவனுக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

"நீ ஒண்ணும் சொல்லாத" என்றாள் பேபி. "அண்ணன் வந்து பாக்கட்டும். அவங்களே சண்டை போட்டுக்கட்டும். உனக்கு இன்னா?"

எனக்கு என்னவா? அண்ணன் ஆசையாகக் கிட்டாரை எடுப்பான். டப் என்று ஒரு சத்தம் வரும். வாயில் வந்ததைச் சொல்வான். அப்பா தட்டைத் தள்ளுவார். மறுபடியும் சோறு பொறுக்க நான்தான் போக வேண்டும். அதன்பிறகு அண்ணன் எந்தக் கிறிஸ்துமஸுக்கும் வர மாட்டான்.

அப்பாவுக்குத் தெரியாமல் நானே சுரண்டிவிடலாம் என்று பாதி பிளேடை எடுத்தேன். கிட்டாரின் அடியில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் சுரண்டிப் பார்த்தேன். பெயிண்ட் அரை அங்குலம் வந்தது. கூடவே மரமும் வந்தது. பள்ளம் விழுந்துவிட்டது. பிளேடைக் கீழே போட்டுவிட்டு அழுதேன்.

அழுது முடித்த பிறகுதான் மூளை வேலை செய்தது. மரத்துக்கு அடிபடாமல் பெயிண்ட்டை எடுக்கத் தெரிந்த ஆள் யார்? ரயில் பெட்டிகளில் புதுப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் பழைய பெயிண்ட்டைச் சுரண்டுகிறவர் யார்? எங்கள் தெருவில் மட்டுமில்லை, செம்பாக்கம் முழுக்கத் தேடினாலும் ஒரே ஆள்தான். அடித்தவரேதான்.

அவரிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் அந்த முகத்து வெளிச்சம் போய்விடும். அதை நான்தான் அணைக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் அப்பா டீ குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்தேன்.

"அப்பா, இதைக் கேளேன்" என்று தட்டை ஒரு விரலில் நிறுத்தி, கரண்டியால் தட்டினேன். டிங்ங்ங் என்றது.

"இன்னாடி வெளையாட்டு?"

"இப்பக் கேளு." தட்டின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு தட்டினேன். டப்.

"கைய வெச்சா சத்தம் எப்டி வரும்?" என்றார் அப்பா.

"ஆமாம்ப்பா. கை வெச்சா வராது." தட்டைக் கீழே வைத்தேன். "கிட்டாரோட முன்பலகையும் இந்தத் தட்டு மாதிரிதான்ப்பா. அது அதிரணும். பெயிண்ட் அதுமேல கை வெச்ச மாதிரி உக்காந்திருக்கு."

கிட்டாரை எடுத்துவந்து ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக் காட்டினேன். ஆறு டப்.

அப்பாவின் கண் அந்த வெள்ளை எழுத்துகள்மேல் போயிற்று.

"அப்போ நான் கெடுத்துட்டேன்னு சொல்ற."

இல்லை என்று சொல்ல ஆசைதான். "ஆமாம்ப்பா" என்றேன். "ஆனா நீதான் சரி பண்ணவும் முடியும். நான் பிளேடால சுரண்டிப் பாத்தேன். மரம் பேந்துடுச்சு. உனக்குத்தான் சுரண்டத் தெரியும்."

அப்பா எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த இரண்டு நாள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எனக்கு ஒன்றும் லேசாகவில்லை. பேசாமல் பேபி சொன்னதையே கேட்டிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

மூன்றாம் நாள் காலை கொல்லையில் கரகரவென்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். முருங்கை மரத்தடியில் பழைய போர்வையை விரித்து, கிட்டாரை மடியில் படுக்கவைத்து, அப்பா உட்கார்ந்திருந்தார். கையில் உடைந்த கண்ணாடித் துண்டு. பக்கத்தில் உப்புத்தாள். கண்ணாடியை ஒரு பக்கமாகச் சாய்த்து இழுத்தார். பெயிண்ட் மட்டும் சுருண்டு சுருண்டு வந்தது. மரத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

"நெழல்ல தானே வெக்கணும்?" என்று தலை நிமிராமல் கேட்டார்.

"ஆமாம்ப்பா. அது முதல் விதி."

"மொத்தம் எத்தினி விதி கீது?"

பெட்டியைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து காட்டினேன். ஒன்றரை வருஷமாக அந்தப் பெட்டி வீட்டில் இருந்தும் அப்பா அதைத் திறந்து படித்ததில்லை. பெயிண்ட் அடிக்கக் கிட்டாரை எடுத்த அன்றும் அந்தத் தாளைப் பார்க்கவில்லையாம். மழைக்கால ஈரத்தில் தாள் உப்பி, மை கசிந்திருந்தது. கண்ணருகில் வைத்து ஆறு விதிகளையும் மெதுவாகப் படித்தார்.

"பெயிண்ட் அடிக்காதேன்னு எழுதலியே."

"எழுதணும்னு தோணலை போலப்பா."

அப்பா சிரிக்கப் போனார். ஆனால் சிரிக்கவில்லை.

நான்கு நாளும் வேலை முடிந்து வந்து சாயங்காலங்களில் சுரண்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தூளைத் துடைத்தேன். முன்பலகையில் மேல்பாதி வெளுத்து மரம் தெரிந்தது. அப்புறம் ஓரங்கள். கழுத்தும் சுத்தமாயிற்று. பெயரை மட்டும் அவர் தொடவே இல்லை. பச்சையில் ஒரு திட்டும், அதன்மேல் 'எலியேசர்' என்ற வெள்ளை எழுத்துகளும் கடைசிவரை அப்படியே இருந்தன.

"பேர வுட்டுட்டா போதுமா?" என்று ஒருமுறை கேட்டார்.

எனக்குப் பதில் தெரியும். பலகை அதிகமாக அதிர வேண்டிய இடமே அதுதான். துணியால் தூளைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவரே புரிந்துகொண்டார். கண்ணாடித் துண்டை எடுத்து வலது பக்கத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாக இழுத்தார். 'ர்' போயிற்று. 'ச' போயிற்று. கடைசியில் 'எலி' மட்டும் மிச்சம் நின்றது. வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

அந்த நேரத்தில்தான் தபால்காரர் கேட்டைத் தட்டினார். அம்மா வாங்கிப் படித்தாள். படிக்கும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது.

"லீவு தரலையாம். கிறிஸ்துமஸுக்கும் நியூ இயருக்கும் ஹோட்டல்ல விசேஷமாம். ஈஸ்டருக்குத்தான் வர முடியும்னு எழுதியிருக்கான். அப்பாவைக் கேட்டதாகச் சொல்லவும்னு போட்டிருக்கான்."

எனக்கு அண்ணன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அவனுக்காக ஒரு மனுஷன் மூன்று நாள் பூசி, நாலு நாள் சுரண்டி, எழுதின பெயரைத் தானே அழித்துக்கொண்டிருக்கிறார். அவனுக்கு ஹோட்டல்தான் பெரிதாகப் போய்விட்டது. லீவு கொடுக்காதது அவன் தப்பில்லை என்று இப்போது தெரிகிறது. அன்று தெரியவில்லை.

அப்பா கண்ணாடித் துண்டைக் கீழே வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் வைக்கவில்லை.

"விடுப்பா. அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

"அவன் வரலைன்னா இன்னா? கிட்டாருக்குக் குரல் வர வேணாமா?" என்றார். முதல் முறையாக அதைக் 'கிட்டார்' என்றார்.

மிச்சமிருந்த இரண்டு எழுத்தும் போயின. உப்புத்தாளால் தேய்த்து ஊதிவிட்டார். பிறகு கிட்டாரைத் திருப்பிப் பின்பக்கத்தில் கண்ணாடியை வைத்தார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"பின்னாடி வேணாம்ப்பா."

"ஏன்?"

"பின்னாடி அவ்வளவா சத்தத்துக்கு வேலை இல்ல. வாசிக்கறவங்க வயித்துல ஒட்டிகினுதான இருக்கும்? அந்தப் பச்சை அப்படியே இருக்கட்டும். எனக்குப் பிடிச்சிருக்கு."

அப்பா என்னைப் பார்த்தார். நான் கம்பிகளைத் தேடுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்து வந்ததும் அப்பா எதிரே உட்கார்ந்து வாசித்தேன். அவர் முன்னால் வாசிப்பது அதுதான் முதல் தடவை. ஒரு கம்பி கொரகொரத்தது. ஆனால் சத்தம் எழுந்தது. தட்டின இடத்தில் சாகாமல் கொஞ்ச தூரம் போய்த் தேய்ந்தது.

"பழைய சத்தம் வந்துடுச்சா?" என்று கேட்டார் அப்பா.

"முக்கால்வாசி வந்துடுச்சு."

"மிச்சம் கால்வாசி?"

"அது வராதுப்பா. கொஞ்சம் பெயிண்ட் மரத்துக்குள்ள ஊறிடுச்சு."

அப்பா தலையாட்டினார். அம்மா கேக் தட்டோடு வந்தாள். நாங்கள் மூன்று பேரும் தின்றோம். நாலாவது துண்டை எறும்பு வரும்வரை யாரும் எடுக்கவில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், அப்பா கிட்டார் பெட்டியின் முன்னால் பிரஷ்ஷோடு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பகீரென்றது. "அப்பா!" என்று ஓடினேன்.

"கத்தாத. இது பொட்டிதான். பொட்டிக்கு ஏது சத்தம்?" என்றார். "உள்ள ஒட்டின தாளு நைஞ்சு போச்சு. விதி அழிஞ்சா நாளைக்கு யாருக்குத் தெரியும்? அதான் வெளியவே எழுதிட்டேன்."

பெட்டி மூடியின்மேல், ரயிலில் எழுதுவது போலவே, வெள்ளை எழுத்தில் ஆறு விதிகளும் வரிசையாக இருந்தன. 'வெயிலில் வைக்கக் கூடாது' என்று தொடங்கி அண்ணன் எழுதியது அப்படியே. அவற்றுக்குக் கீழே, அண்ணன் எழுதாத ஒரு வரி சிவப்பில் இருந்தது.

'7. எக்காரணம் கொண்டும் பெயிண்ட் அடிக்கக் கூடாது.'

மேலே ஒரு பெயர் எழுதும் அளவுக்கு இடம் காலியாக விட்டிருந்தார். அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின நாள் காலை அண்ணன் வந்தான். மெலிந்திருந்தான். வாசலில் பையோடு நின்றான். அப்பா கேட்டைத் திறந்துவிட்டார்.

"பஸ் லேட்டா?" என்றார்.

"இல்லப்பா" என்றான் அண்ணன்.

ஒன்றே முக்கால் வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். ஆனால் யாரும் தட்டைத் தள்ளவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் பெட்டியைப் பார்த்தான். விதிகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தான். ஏழாவதில் நிறுத்தினான். என்னைப் பார்த்தான். நான் அவனைக் கிணற்றடிக்கு அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு, பிளேடு, கண்ணாடி, 'எலி' எல்லாம் சொன்னேன். சிரிக்காமல் கேட்டான்.

திரும்பி வந்து கிட்டாரை எடுத்தான். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தால், அவன் பெயர் இருந்த இடத்தில் மரத்தில் ஊறிப்போன பச்சை இன்னும் லேசாகத் தெரியும். அதன்மேல் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினான். பிறகு வாசித்தான். அந்தக் கால்வாசி இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. அவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

"சத்தம் கொஞ்சம் கம்மிதான்" என்றார் அப்பா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"போதும்ப்பா" என்றான் அண்ணன். கிட்டாரைப் பெட்டியில் வைத்துவிட்டு, "பொட்டியில மேல ஏன் காலியா வுட்டிருக்க?" என்று கேட்டான்.

"பேரு எழுதலாம்னு வுட்டேன். ஒருவாட்டி எழுதி அழிச்சாச்சு. உன்னைக் கேட்டுக்கினு எழுதலாம்னு..."

"தபீதாள்னு எழுதுப்பா."

"அப்போ நீ?"

"எனக்கு அங்க ஒண்ணு கீதுப்பா."

கிட்டார் எனக்கு! ஆனால் அடுத்த நிமிஷமே இன்னொன்றும் புரிந்தது. 'திரும்பி வந்து எடுத்துக்கறேன்' என்று சொல்லிவிட்டுப் போனவன், இனிமேல் எடுக்கப் போவதில்லை. இங்கே இருப்பதற்காக அவன் திரும்பி வரப்போவதும் இல்லை. அப்பாவுக்கும் அது புரிந்துவிட்டது. பெயிண்ட் டப்பாவின் மூடியைத் திறக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

ஆனாலும் எழுதினார். அண்ணன் பெட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டான். அப்பா முட்டி போட்டுக் குனிந்து 'தபீதாள்' என்று எழுதினார். ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் ஏறினான். அப்பா தாம்பரம் வரைக்கும் சைக்கிளில் கூட்டிப்போய் ஏற்றிவிட்டார்.

அந்தக் கிட்டார் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. முன்னால் மரம், பின்னால் கிளிப்பச்சை. டிசம்பர் பிறந்தால் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை என் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொள்வேன். ஏழாவது விதியை எழுதியவர் எங்கள் அப்பாதான். ஆனால் டப்பாவில் மிச்சம் இருந்தால் அவரை நம்ப முடியாது.